லேசரில் எது நல்லது? கேட்பதற்கு முன் ஒரு வார்த்தை

"டீச்சர், இதுல எது நல்லதுன்னு நீங்கதான் சொல்லணும். நீங்க படிச்சவங்க."

ஒரு சனிக்கிழமை மாலை. குருபோங்கில் என் வீட்டு வாசலில் ஒரு தாயும் மகளும் வந்து நின்றார்கள். மகள் என்னிடம் படித்தவள். இப்போது தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். தாய் இருபது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகு உரம் போடும் வேலைக்கு மாறியவர். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, இன்னும் நான்கு மாதமே இருந்தது.

தாய் என் கையில் ஒரு விளம்பரத் தாளைக் கொடுத்தார். வழவழப்பான தாள். அதில் ஒரு பெண்ணின் முகம் இரண்டு பாதியாக, ஒரு பாதி கருத்தும் மறு பாதி பளபளப்பாகவும் இருந்தது. கீழே நான்கு பெயர்கள்: கார்பன் டை ஆக்சைடு லேசர், ஃப்ராக்ஷனல் லேசர், பிக்கோ லேசர், ஐ.பி.எல். ஆறு தடவைக்குச் சலுகை விலை 1,800 வெள்ளி. முன்பணம் 300 வெள்ளி. கட்ட மறுநாளே கடைசி நாள்.

மகளின் இரு கன்னங்களிலும் நெற்றியிலும் பழுப்பு நிறத்தில் திட்டுத் திட்டாக நிழல் படிந்திருந்தது. நம் பாட்டிமார்கள் "மங்கு" என்பார்களே, அதுதான். "மாப்பிள்ளை வீட்டுல ஒரு அம்மா, 'பொண்ணுக்கு முகத்துல என்ன'ன்னு கேட்டுட்டாங்க டீச்சர்" என்றார் தாய். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் இந்நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அந்தத் தாளில் இருந்த தொகை அதைவிட அதிகம். ஒரு மாதம் முழுவதும் வெயிலில் சுமந்த உர மூட்டையின் கூலி அது. எனக்கு உடனே பதில் சொல்ல நா எழவில்லை. "நாளைக்குப் பணம் கட்ட வேண்டாம் அக்கா. திங்கட்கிழமை மூணு பேரும் டாக்டரைப் பார்த்துட்டு வருவோம்" என்று மட்டும் சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைத்தான் இங்கே எழுத வந்தேன். இந்தத் தாள் அவர்கள் வீட்டுக்கு மட்டும் வந்ததல்ல. கைப்பேசியைத் திறந்தால் போதும், நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் வருகிறது.

லேசர் என்பது என்ன?

லேசர் என்பது ஒருவகை ஒளி. சூரிய ஒளியில் பல நிறங்கள் கலந்திருக்கும். அது நாலா பக்கமும் சிதறிப் போகும். லேசர் அப்படியல்ல. அதில் ஒரே நிறம், ஒரே திசை, எல்லாக் கதிர்களும் அணிவகுத்துச் செல்வது போல ஒன்றாகப் போகும். அதனால் அதன் சக்தியை ஒரு சிறு புள்ளியில் குவிக்க முடிகிறது.

இதற்கான அடிப்படைக் கருத்தை 1917-இல் ஐன்ஸ்டீன் எழுதினார். முதல் லேசர் கருவியை 1960ஆம் ஆண்டு மே 16-இல் அமெரிக்காவில் தியோடர் மைமான் மாணிக்கக் கல்லைக் கொண்டு இயக்கிக் காட்டினார். தோல் சிகிச்சையில் இன்றும் பெரிதும் பயன்படும் கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964-இல் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர் என்பது நம் பிள்ளைகள் அறிய வேண்டிய செய்தி. மகாராஷ்டிர மாநிலத்துப் பாராமதியில் பிறந்த குமார் படேல் அவர்கள், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் அதைச் செய்தார்.

அந்தத் தொடக்க காலத்திலேயே மருத்துவர்கள் லேசரைத் தோலில் சோதித்துப் பார்த்தார்கள். ஆனால் வேண்டிய இடத்தோடு வேண்டாத இடமும் சேர்ந்து வெந்தது. 1983-இல் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இரு மருத்துவர்கள் வழி கண்டார்கள். தோலில் உள்ள ஒவ்வொரு பொருளும் ஒரு குறிப்பிட்ட நிற ஒளியை அதிகமாக உறிஞ்சும். இரத்தத்துக்கு ஒன்று, கருநிறப் பொருளுக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று. பொருளுக்கு ஏற்ற ஒளியைத் தேர்ந்து, அதையும் கண்ணிமைக்கும் நேரத்தைவிட மிக மிகக் குறைந்த நேரம் மட்டும் பாய்ச்சினால், அந்தப் பொருள் மட்டும் சூடாகும். பக்கத்தில் உள்ளது தப்பிக்கும். இன்றுள்ள தோல் லேசர்களில் பெரும்பாலானவை இந்த விதியை ஒட்டியே வேலை செய்கின்றன.

கருப்புத் தாளும் வெள்ளைத் தாளும்

வகுப்பில் நான் பிள்ளைகளுக்குச் செய்து காட்டும் சோதனை ஒன்று உண்டு. உருப்பெருக்குக் கண்ணாடியை வெயிலில் பிடித்து, வெள்ளைத் தாளில் ஒளியைக் குவித்தால் தாள் தீய நேரமாகும். அதே ஒளியைக் கருப்புத் தாளில் குவித்தால் சீக்கிரமே புகை வரும். கண்ணாடியும் அதுதான், வெயிலும் அதுதான். தாளின் நிறம்தான் வேறு.

நம் தோலிலும் கதை இதுதான். தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்ற பொருள். அது நம்மிடம் அதிகம். வெயிலிலிருந்து நம்மைக் காப்பாற்ற இயற்கை கொடுத்த குடை அது. ஆனால் லேசர் முன் அந்தக் குடையே சிக்கலாகிறது. மங்குவை நோக்கிப் போகும் ஒளியை மேல்தோலில் உள்ள மெலனினே வழியில் பிடித்துக்கொள்கிறது. அங்கே சூடேறிப் புண்ணாகலாம். புண் ஆறிய பிறகும் நம் தோல் சும்மா இருப்பதில்லை. பட்ட இடத்தில் இன்னும் கருமையைக் கொட்டுகிறது. கொசுக்கடியும் முகப்பருவும் ஆறிய பிறகு மாதக்கணக்கில் கருப்பாகத் தங்குவதை நாம் பார்க்கிறோமே, அதே குணம்தான். சில சமயம் நேர்மாறாக, நிறம் செத்து வெள்ளைப் புள்ளிகளும் விழும்.

1975-இல் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர், வெயில் பட்டால் தோல் சிவக்கிறதா கருக்கிறதா என்று பார்த்துத் தோலை வகை பிரித்தார். பிறகு அது ஆறு வகையாக விரிந்தது. ஒன்று மிக வெளுப்பு. ஆறு மிகக் கருப்பு. நம்மவர்களில் பெரும்பாலோர் நான்கு, ஐந்து என்ற வகையிலும், சிலர் ஆறாவது வகையிலும் வருகிறோம். விளம்பரத்தில் சிரிக்கும் வெளுத்த முகத்துக்கு வைத்த அளவை நம் முகத்துக்கு வைத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

நான் எண்ணிப் பார்த்து அறிந்ததில்லை, கண்ணால் கண்டது. சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கை, ஓர் அழகு நிலையத்தில் தாடையில் இருந்த முடிக்கும் கரும்புள்ளிகளுக்கும் "லேசர்" செய்துகொண்டாள். செய்தவர் மருத்துவர் அல்லர். எந்த வகைக் கருவி என்று அவள் கேட்கவில்லை; அவர்களும் சொல்லவில்லை. "கொஞ்சம் சுடும், பொறுத்துக்குங்க" என்றார்களாம். மறுநாள் காலை தாடையில் வரிவரியாக, தீப்பெட்டிக் குச்சிகளை அடுக்கியது போல் கொப்புளம். அது ஆறிக் கருத்து, அந்தக் கருமை மங்கி மறைய ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஒரு வருடமும் அவள் முக்காடு போலத் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் வெளியே போனாள். பிறகு மருத்துவர் ஒருவர், அது லேசரே அல்ல, ஐ.பி.எல். போலத் தெரிகிறது என்றார்.

வகைகளும் அவற்றின் வேலையும்

அந்த விளம்பரத் தாளில் இருந்த பெயர்களை இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. மேல்தோலை உரித்தெடுக்கும் லேசர். கார்பன் டை ஆக்சைடு லேசரும் எர்பியம் யாக் லேசரும் இந்த வகை. முன்னதன் அலைநீளம் 10,600 நானோமீட்டர், பின்னதுக்கு 2,940. இரண்டும் தோலில் உள்ள தண்ணீரைச் சூடாக்கி, மேல்தோலை ஆவியாக்கி விடும். கீழிருந்து புதுத் தோல் வரும். ஆழ்ந்த சுருக்கத்துக்கும் பள்ளத் தழும்புக்கும் நல்ல பலன் தரும். ஆனால் முகம் முழுவதும் செய்தால் ஒன்றிரண்டு வாரம் பச்சைப் புண்ணாக இருக்கும். சிவப்பு மறைய மாதங்கள் ஆகலாம். நம் நிறத்துக்கு இதில்தான் கருமை படியும் ஆபத்து மிக அதிகம். எர்பியம் யாக் சுற்றுப்புறத்தில் சூட்டைக் குறைவாக விடும். அதனால் ஆபத்து சற்றுக் குறையும், இல்லாமல் போகாது.

2. ஃப்ராக்ஷனல் லேசர். 2004-இல் வந்த முறை. நாற்று நடும்போது குத்துக்குத்தாக இடைவெளி விட்டு நடுகிறோம் அல்லவா? அதுபோல, முகம் முழுவதையும் சுடாமல் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய புள்ளிகளாகச் சுட்டு, இடையில் நல்ல தோலை விட்டு விடுவார்கள். அந்த நல்ல தோல் பக்கத்துப் புண்ணைச் சீக்கிரம் ஆற்றும். இதிலும் இரண்டு பிரிவு. மேல்தோலைத் துளைப்பது ஒன்று. துளைக்காமல் உள்ளே மட்டும் சூடேற்றுவது மற்றொன்று. துளைக்காத பிரிவில் 1,550 நானோமீட்டர் லேசர் பெயர்பெற்றது. சில நாள் சிவப்பும் வீக்கமும் இருக்கும். ஒரே தடவையில் முடியாது. மாத இடைவெளியில் மூன்று முதல் ஐந்து தடவை தேவைப்படலாம். முகப்பருத் தழும்புக்கு, நம் நிறத்தவர்களிடம், குறைந்த அடர்த்தியில் பொறுமையாகச் செய்தால் நல்ல பலன் தரும் வகை இது.

3. நிறத்தை உடைக்கும் லேசர். கியூ ஸ்விட்ச் என்றும் பிக்கோ என்றும் சொல்கிறார்களே, அவை இவ்வகை. கியூ ஸ்விட்ச் லேசரின் ஒளி நிற்கும் நேரம் ஒரு விநாடியை நூறு கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் சில பங்குகள்தாம். பிக்கோ அதைவிடவும் குறுகியது. சுத்தியலால் அடித்தது போல் நிறத் துணுக்குகளை அது தூளாக்கும். தூளை உடம்பு மெல்லக் கழித்து விடும். பச்சை குத்தியதை அழிக்கவும் இதுவே. இவ்வகையில் 1,064 நானோமீட்டர் என்டி யாக் லேசர் நம்மவர்களுக்கு மற்றவற்றைவிடப் பாதுகாப்பானது. அந்த ஒளியை மேல்தோல் மெலனின் குறைவாகவே பிடிக்கிறது; அது ஆழம் வரை போகிறது. ஆனாலும் மங்குவுக்கு இதை வாராவாரம் திரும்பத் திரும்பச் செய்தவர்களில் சிலருக்கு மழைத்துளி தெறித்தது போல் வெள்ளைப் புள்ளிகள் விழுந்ததும், நிறுத்தியவுடன் மங்கு திரும்ப வந்ததும் மருத்துவ உலகம் அறிந்த செய்தி.

4. ஐ.பி.எல். இது லேசரே அல்ல. பல நிறங்கள் கலந்த பிரகாசமான விளக்கொளியை வடிகட்டிப் பாய்ச்சுவது. வெளுத்த தோலில் வெயில் புள்ளிகளுக்கும் சிவப்புக்கும் உதவும். நம் தோலில் அந்தக் கலப்பு ஒளியின் பெரும்பகுதியை மேல்தோலே குடித்துவிடும். வேகும் வாய்ப்பு அதிகம். மங்குவைக் கிளறிவிடவும் செய்யும்.

இவை போக, பிறவியிலேயே வரும் சிவப்பு மச்சத்துக்கு இரத்தத்தைக் குறிவைக்கும் 595 நானோமீட்டர் சாய லேசர் உண்டு. அது அழகுக்காக மட்டும் அல்ல. குழந்தைகளுக்கும் மருத்துவமனையில் செய்யும் சிகிச்சை.

எது என்று கேட்கும் முன் என்ன என்று கேளுங்கள்

எந்த லேசர் நல்லது என்ற கேள்விக்கு இப்போது என் பதிலைச் சொல்கிறேன். அந்தக் கேள்வி இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, முகத்தில் இருப்பது என்ன என்பது. கத்தி நல்லதா அரிவாள் நல்லதா என்று கேட்பவரிடம், "எதை வெட்டப் போகிறாய்?" என்றுதானே கேட்போம்?

மங்கு என்றால், முதல் மருந்து லேசர் அல்ல. வெயில், கர்ப்பம், கருத்தடை மாத்திரை, பரம்பரை என்று அதற்குப் பல காரணங்கள். வெயிலை மறைப்பதும், மருத்துவர் எழுதிக் கொடுக்கும் களிம்பும்தான் முதல் படி. அவை பலிக்காத சிலருக்கே, மிகுந்த எச்சரிக்கையோடு லேசர்.

பருத் தழும்பு என்றால், முதலில் பரு நிற்க வேண்டும். பரு வந்துகொண்டிருக்கும்போதே தழும்புக்கு லேசர் செய்வது, கூரை ஒழுகும்போது சுவருக்குச் சாயம் அடிப்பது போல. பரு நின்ற பிறகு ஃப்ராக்ஷனல் லேசரோ, நுண்ணூசிச் சிகிச்சையோ மருத்துவர் சொல்வார்.

கன்னத்திலும் கழுத்திலும் சிறுசிறு கருப்பு மரு என்றால், பெரும்பாலும் மின்சூட்டுக் கருவியால் சில நிமிடத்தில் எடுத்து விடலாம்.

திடீரென்று வளரும், நிறம் மாறும், இரத்தம் கசியும் மச்சம் என்றால், அதன் மேல் லேசரே படக் கூடாது. புற்றுநோயா என்று பார்க்க வேண்டிய தடயத்தை அது அழித்து விடும். முதலில் பரிசோதனை.

கழுத்தைச் சுற்றியும் அக்குளிலும் வெல்வெட் துணி போலத் தடித்த கருப்பு என்றால், அது அழுக்கும் அல்ல, அழகுக் குறையும் அல்ல. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளமாக இருக்கலாம். தேய்த்துக் குளித்தாலும் போகாது. லேசர் அடித்தாலும் நிற்காது. இனிப்பு நீர் உண்டா என்று இரத்தம் பார்க்க வேண்டும்.

யார் செய்யலாம்?

லேசர் சிகிச்சை மருத்துவம்; முடி திருத்துவது போன்ற வேலை அல்ல. 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டம், அதாவது 586ஆம் சட்டம், பதிவு செய்யாத இடத்தில் கிளினிக் நடத்துவதைக் குற்றமாக்குகிறது. தனி ஆள் என்றால் 300,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஆறு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தோல் நிபுணர் அல்லாத மருத்துவர் அழகுச் சிகிச்சை செய்வதானால், சுகாதார அமைச்சு கொடுக்கும் எல்.சி.பி. என்ற அனுமதிச் சான்றிதழ் அவரிடம் இருக்க வேண்டும். மருத்துவரின் பெயரை மலேசிய மருத்துவ மன்றத்தின் மெரிட்ஸ் இணையப் பதிவேட்டில் நாமே தேடிப் பார்க்கலாம். வீட்டில் படித்த பிள்ளை ஒன்று இருந்தால் இரண்டு நிமிட வேலை.

எந்த லேசர் என்று முடிவு செய்யும் நாள் வந்தால், மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை எழுதி எடுத்துப் போங்கள்:

என் முகத்தில் இருப்பதற்குப் பெயர் என்ன? இதற்கு லேசர் இல்லாமல் வேறு மருந்து உண்டா?

கருவியின் பெயர் என்ன? என்னைப் போன்ற நிறத்தவர்களுக்கு இதைச் செய்திருக்கிறீர்களா? அவர்களின் முன், பின் படங்களைக் காட்ட முடியுமா?

முதலில் காதோரத்தில் ஒரு சிறு இடத்தில் சோதித்துப் பார்த்துச் சில வாரம் காத்திருக்கலாமா?

எத்தனை தடவை? மொத்தச் செலவு எவ்வளவு? இடையில் நிறுத்தினால் மீதிப் பணம் என்ன ஆகும்? கருத்துப் போனால் யார் பார்ப்பார்கள்?

நாமும் அவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை உண்டு. கர்ப்பமா, தாய்ப்பால் கொடுக்கிறீர்களா. தழும்பு தடித்து வளரும் உடம்பா. உதட்டோரத்தில் அக்கிக் கொப்புளம் அடிக்கடி வருமா. பருவுக்கு மாத்திரை சாப்பிட்டீர்களா. முகத்தில் என்ன களிம்பு பூசுகிறீர்கள். சிகிச்சையின்போது கண்ணுக்குக் கவசம் போடாமல் லேசரை இயக்குபவர் யாராயிருந்தாலும் எழுந்து வந்து விடுங்கள்.

திங்கட்கிழமை நடந்தது

சொன்னபடி திங்கட்கிழமை மாலை மூவரும் அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போனோம். நம் நாட்டுக் குடிமக்களுக்கு அங்கே கட்டணம் ஒரு வெள்ளி. மருத்துவர் இளம் பெண். மகளின் முகத்தை விளக்கடியில் பார்த்துவிட்டு, "என்ன களிம்பு பூசுறீங்க?" என்றுதான் முதலில் கேட்டார்.

மகள் தயங்கித் தயங்கிப் பையிலிருந்து ஒரு சிறு டப்பாவை எடுத்தாள். பாசார் மாலாமில் வாங்கியது. ஒரே வாரத்தில் வெளுப்பாக்கும் என்று சொன்னார்களாம். தாளில் பெயர் உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியல் இல்லை. மருத்துவர் முகம் மாறிற்று. இப்படிப்பட்ட சில களிம்புகளில் பாதரசம் கலந்திருப்பதை நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா அவ்வப்போது கண்டுபிடித்துத் தடை செய்து அறிவிக்கிறது. பாதரசம் மெலனினை அடக்கும். அதனால் முதலில் முகம் வெளுக்கும். ஆனால் அது தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நரம்பையும் பாதிக்கும். பூசியவருக்கு மட்டுமல்ல, கட்டிக்கொண்டு தூங்கும் குழந்தைக்கும் ஆபத்து. அந்தப் பெண்ணுக்கு உடனே சிறுநீர்ப் பரிசோதனை எழுதினார். நல்லவேளை, அதில் குற்றம் ஒன்றும் தெரியவில்லை.

எழுந்து புறப்படும் நேரத்தில் மருத்துவரின் கண் தாயின் கழுத்தில் விழுந்தது. "இந்தக் கருப்பு எத்தனை வருஷமா இருக்கு அம்மா?"

"அது வெயில்ல வேலை செஞ்சு வந்த கருப்பு டாக்டர். எங்களுக்கெல்லாம் அப்படித்தான்."

விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்தார்கள். பிறகு வெறும் வயிற்றில் வரச்சொல்லி மறுபடியும் எடுத்தார்கள். அந்தத் தாய்க்கு இனிப்பு நீர் இருந்தது. அதுவரை அவருக்கே தெரியாது. மகளின் முகத்துக்காகப் போன இடத்தில் தாயின் நோய் அகப்பட்டது. 1,800 வெள்ளியைக் கட்டியிருந்தால், அந்தக் கழுத்தை யாரும் பார்த்திருக்கப் போவதில்லை.

மகளை மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. தேதி கிடைக்க ஆறு வாரம் ஆயிற்று. அரசாங்க ஆஸ்பத்திரியில் அழகுக்காக மட்டும் லேசர் செய்துகொள்ளலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். முகத்தில் இருப்பது என்ன நோய் என்று உறுதி செய்துகொள்ளப் போகலாம். அங்கேயும் மங்கு என்றே சொன்னார்கள். லேசர் வேண்டாம் என்றார்கள். இரவில் பூச ஒரு களிம்பு, பகலில் சன்ஸ்கிரீன், தலைக்குத் தொப்பி. "பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். முழுக்கப் போகாது, மங்கும். வெயிலில் மறந்தால் திரும்ப வரும்" என்று உள்ளதைச் சொன்னார்கள். களிம்பையும் அவர்கள் சொன்ன காலத்துக்கு மேல் பூசக் கூடாது. சில களிம்புகளை ஆண்டுக்கணக்கில் பூசினால் கருமை நிரந்தரமாகிவிடும்.

வெயிலும் துண்டும்

இந்த மலாக்கா மண் பூமியின் நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. நடுப்பகல் வெயில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழச் செங்குத்தாக விழுகிறது. லேசருக்கு ஆயிரம் ஆயிரமாகக் கொட்டிவிட்டு, மறுநாள் மோட்டார் சைக்கிளில் வெறும் முகத்தோடு போனால், ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிய கதைதான்.

சன்ஸ்கிரீன் வாங்குவதானால் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல் பாருங்கள். வெளியில் வேலை செய்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூச வேண்டும். மங்கு உள்ளவர்களுக்கு, தோல் நிறச் சாயம் கலந்த வகை கூடுதல் நன்மை தரும். அதில் உள்ள இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கிறது. வாங்க முடியாதவர்கள் வருந்த வேண்டாம். நம் பாட்டிமார்கள் பால்மரக் காட்டுக்குப் போகும்போது தலையையும் கன்னத்தையும் சுற்றித் துண்டு கட்டி, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டார்களே, அதற்கு விலையே இல்லை. நாம்தான் நாகரிகம் என்று அதைக் கழற்றிப் போட்டோம்.

லேசரை நான் பழிக்கவில்லை. பருத் தழும்பால் வெளியே தலைகாட்டாமல் இருந்த இளைஞர்களை அது நிமிர வைத்திருக்கிறது. பிறவி மச்சத்தோடு பிறந்த குழந்தைகளுக்கு அது வரம். தக்க கையில், தக்க தோலில், தக்க நோய்க்கு அது நல்ல கருவி. விளம்பரத் தாளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க அது புடவை அல்ல.

அந்தக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மணப்பெண்ணின் கன்னத்தில் மங்கு முழுவதும் போய்விடவில்லை, பாதியாகக் குறைந்திருந்தது. அருகில் போய்ப் பார்த்தால் தெரியும். அவள் அன்று தலையைக் குனிந்திருந்தது நாணத்தால்தான். தாய் பந்தியில் எல்லோருக்கும் பாயசம் ஊற்றிக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும், "எனக்கு மட்டும் டாக்டர் வேணாம்னுட்டாங்க டீச்சர். நீங்களாவது நல்லா சாப்பிடுங்க" என்று சொல்லிச் சிரித்தார்.